ஒரு மணி நேர யோக நித்திரை, நாலு மணி நேரத் தூக்கத்துக்குச் சமமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 6
ஐடி வேலை, அமெரிக்க நேரம். படுக்க ராத்திரி 2 ஆகிறது, 6.30க்குப் பையனை ஸ்கூலுக்குக் கிளப்ப வேண்டும். ஒரு மணி நேரம் யோக நித்திரை செய்தால் நாலு மணி நேரம் தூங்கியதற்குச் சமம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மதியம் ஒரு மணி நேரம் இதைச் செய்துவிட்டால் ராத்திரி நாலரை மணி நேரம் போதும்தானே? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு 9.40
போதாது தம்பி. பல வருடம் நைட் டூட்டி பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் நான். யோக நித்திரை, அதாவது மல்லாந்து படுத்து ஒரு குரல் சொல்லச் சொல்ல உடம்பில் கவனத்தை நகர்த்தும் பயிற்சி, நானும் செய்கிறேன், டூட்டி முடிந்து வரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியும் கொடுக்கிறேன். அதனால்தான் இந்த ஒன்றுக்கு நாலு கணக்கைக் கேட்டால் கோபம் வருகிறது. யோகப் புத்தகங்களில் பல காலமாக இருக்கிறது, இப்போது வீடியோக்களிலும் வந்துவிட்டது. அளந்து நிரூபித்த கணக்கு இல்லை அது.

தூக்கம் என்பது வெறும் ஓய்வு இல்லை. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக நடக்கிற வேலை. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது அப்போதுதான். விடியலை ஒட்டிய சுற்றுகளில் கனவுத் தூக்கம் அதிகம். நாலரை மணி நேரத்தில் எழுந்தால் அந்தப் பின்பாதி போய்விடும். மதியம் கண் மூடிப் படுத்திருப்பது அதைத் திருப்பித் தராது. பெரியவர்களுக்கு ராத்திரி 7 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் தூக்க மருத்துவர்கள் சொல்வது.

ஜனவரி 6, இரவு 10.15
"அப்படியானால் எதற்குச் செய்கிறீர்கள்" என்று கீழே கேட்டிருக்கிறார்கள். படபடப்பு இறங்க. கழுத்தும் தாடையும் இறுகிக் கிடப்பது நமக்கே தெரியவர. படுக்கையில் கிடந்து தூக்கத்தின் பின்னால் ஓடும் பழக்கம் விட. இந்த மூன்றுக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. தூக்கத்துக்கு மாற்றாக மட்டும் செய்யாது.

ஜனவரி 8, மாலை
முறை என்ன என்று நிறையப் பேர் கேட்டதால் எழுதுகிறேன். இன்று உலகம் முழுக்க 'யோக நித்திரை' என்று சொல்லிக்கொடுக்கப்படும் வடிவத்தில் பெரும்பகுதி பீகாரில் முங்கேர் நகரிலிருந்து வந்தது. அங்கே 1960களில் யோகப் பள்ளி தொடங்கிய சுவாமி சத்யானந்த சரஸ்வதி வகுத்தது, 1976ல் புத்தகமாகவும் வந்தது.

மல்லாந்து சவாசனத்தில் படுக்க வேண்டும். கால்கள் சற்று விலகி, உள்ளங்கை மேலே பார்த்து. முதலில் வெளிச் சத்தங்களைக் கேட்பது. பிறகு சங்கல்பம், அதாவது மனதுக்குள் ஒரு சிறு வாக்கியம். பிறகுதான் முக்கியமான பகுதி. வழிநடத்துபவர் உறுப்புகளின் பெயரை வரிசையாகச் சொல்லச் சொல்ல, கவனத்தை மட்டும் அங்கே கொண்டுபோக வேண்டும், உடம்பை அசைக்கக் கூடாது. வலது கைக் கட்டைவிரலில் தொடங்கி மற்ற விரல்கள், உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை, தோள், அக்குள், இடுப்பு, தொடை, முழங்கால் என்று வலது கால் விரல் வரை. அப்புறம் இடது பக்கம், முதுகு, முகம். அடுத்து மூச்சைக் கவனித்துக்கொண்டே 27லிருந்து பின்னோக்கி எண்ணுவது. பிறகு எதிரெதிர் உணர்வுகள்: உடம்பு கனமாக, உடம்பு லேசாக, குளிர், சூடு. பிறகு சில மனக்காட்சிகள், மறுபடி சங்கல்பம், முடிவு. அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

இதைத் தாந்திரிக வழிபாட்டின் நியாசத்திலிருந்து எடுத்ததாக சத்யானந்தரே சொல்கிறார். பூசைக்கு முன் விரலிலும் மார்பிலும் தலையிலும் கை வைத்து மந்திரம் சொல்வது. அதில் மந்திரத்தையும் தொடுதலையும் எடுத்துவிட்டு, கவனத்தை மட்டும் வைத்துக்கொண்டார். நம்மூர்க் கவசப் பாடல்களிலும் தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக் காக்க வேண்டுகிறோமே, அந்த வரிசைக்கும் இதற்கும் உறவு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. எங்கள் வீட்டில் ஆச்சி கவசம் கேட்டுக்கொண்டே பாதியில் கண்ணயர்ந்துவிடுவார். பக்திக் குறைவு என்று அம்மா சொல்வார். இல்லவே இல்லை.

ஜனவரி 8, இரவு
மனவளக்கலை மன்றத்தில் பயின்ற ஐயா ஒருவர், "எங்கள் உடற்பயிற்சியின் கடைசியில் வரும் தளர்த்தல் பயிற்சியும் இதுதானே" என்கிறார். நெருங்கிய சொந்தம் ஐயா. வேதாத்திரி மகரிஷியின் பயிற்சி வரிசையில் உடம்பை அசைத்து, தேய்த்து, அழுத்தி முடித்த பிறகு ஓய்வு வருகிறது. அசைந்த தசை தளர்வதும் சுலபம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு நேராக வந்து மல்லாந்து படுப்பவர்களைவிட நீங்கள் பத்து நிமிடம் முன்னால் இருக்கிறீர்கள்.

ஜனவரி 11, காலை 7.30, டூட்டி முடிந்து
"தொடங்கிய ஐந்தாவது நிமிடமே தூங்கிவிடுகிறேன், அப்படியானால் செய்வது தப்பா?" இந்தக் கேள்வி வேறு வேறு வடிவில் நாலைந்து முறை வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், எனக்குப் பிடித்த இடம் இது.

யோக நித்திரையில் வழிநடத்துபவர் அடிக்கடி சொல்லும் வாசகம் "தூங்கிவிடாதீர்கள், விழிப்போடு இருங்கள்". தூக்கம் வராதவர் இதைக் கேட்டால் முதலில் எரிச்சல்தான் வரும். தூக்கத்துக்காகத்தானே வந்தேன், இவர் தூங்காதே என்கிறாரே என்று. ஆனால் வேலை செய்வது அந்த வாசகம்தான். தூக்கமின்மை முற்றியவரின் ராத்திரியை நினைத்துப் பாருங்கள். மணி பார்ப்பார். "இப்போது தூங்கினாலும் ஐந்து மணி நேரம் கிடைக்கும்" என்று கணக்குப் போடுவார். தூங்க முயல்வார். முயற்சி என்றாலே விழிப்பு. இதயம் வேகமாக அடிக்கும், உடம்பு சூடாகும், இன்னும் முயல்வார். அந்த நேரத்தில் ஒரு குரல் "தூங்க வேண்டாம்" என்று சொன்னால், முயற்சி செய்யக் காரணமே இல்லாமல் போகிறது.

மனநல மருத்துவத்திலும் இந்த வழி உண்டு. வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் இதை முரண் எண்ணம் என்ற சிகிச்சை முறையாக வைத்தார். தூக்கம் வராதவரிடம், விளக்கணைத்துப் படுத்து, கண்ணைத் திறந்தபடி விழித்திருக்கப் பாருங்கள் என்று சொல்வார்கள். தூக்கமின்மைக்கு அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. முங்கேருக்கும் வியன்னாவுக்கும் தொடர்பில்லை, கை வைத்த இடம் ஒன்று.

ஆகவே பகலில் செய்யும்போது விழித்திருக்கப் பழகுங்கள். தூங்கிப்போனால் உடம்புக்குத் தூக்கக் கடன் இருக்கிறது என்று அர்த்தம், அதையும் ராத்திரி கட்ட வேண்டும். வகுப்பில் யாராவது குறட்டை விட்டால் நான் பக்கத்தில் போய் அவர் பேரை மெதுவாகச் சொல்வேன். பெரும்பாலும் "நான் தூங்கலையே அக்கா, எல்லாம் கேட்டுச்சே" என்பார்கள். அதுவும் பொய் இல்லை. அந்த விளிம்பில் பாதி கேட்கும், பாதி கேட்காது. திடீரென்று கால் துள்ளி விழிப்பதும் அந்த இடத்தில்தான், பயப்பட வேண்டாம்.

ஜனவரி 11, மாலை
காலையில் விட்டுப்போன ஒன்று. தூக்கத்துக்காக வருபவர்களுக்கு நான் சங்கல்பத்தில் "நான் நன்றாகத் தூங்குவேன்" வைக்கச் சொல்வதில்லை. அது மறுபடி ஒரு பரீட்சையாகிவிடுகிறது. சங்கல்பமே இல்லாமல் செய்யுங்கள், ஒன்றும் குறையாது.

ஜனவரி 12
"ஐயாயிரம் வருடத்துக் கலை, வெள்ளைக்காரன் திருடிப் பேர் மாற்றிவிட்டான்" என்று ஒரு நண்பர். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஆண்ட்ரூ ஹியூபர்மன் இதற்குத் தூக்கமல்லாத ஆழ்ந்த ஓய்வு என்ற பொருளில் ஒரு புதுப் பெயர் வைத்து ஊரெல்லாம் பரப்பியதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் வரலாறு ஒரு வழிப் பாதை இல்லை. சவாசனம் களைப்பைப் போக்கும், மனதுக்கு ஓய்வு தரும் என்று ஹடயோகப் பிரதீபிகை சொல்கிறது. அது 15ம் நூற்றாண்டு நூல், அதிலும் ஒரே ஒரு சுலோகம். உறுப்பு உறுப்பாகச் சொல்லி வழிநடத்தும் இன்றைய வடிவம் 20ம் நூற்றாண்டுடையது. அதே நூற்றாண்டில் வேறு இரண்டு பேர் வேறு கதவு வழியாக உள்ளே வந்தார்கள்.

ஒருவர் சிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர். 1929ல் புத்தகம் போட்டார். முஷ்டியை இறுக்கு, விடு, இப்போது வித்தியாசத்தைக் கவனி. இதே மாதிரி உடம்பு முழுக்க. தசையில் மிச்சமிருக்கும் இறுக்கத்தை மின்கருவி வைத்து அளந்தவர். "நீ தளர்கிறாய், தூங்குகிறாய்" என்று யோசனை ஊட்டுவது அவருக்குப் பிடிக்காது, நோயாளியே தன் இறுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பார். அவர் மாதக்கணக்கில் கற்றுக்கொடுத்ததைப் பின்னால் ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் சுருக்கினார். இன்று ஆஸ்பத்திரிகளில் கால் மணி நேரத்தில் சொல்லித்தருவது அந்தச் சுருக்கத்தின் வழி வந்தது. மனதை ஓரிடத்தில் நிறுத்தவே முடியவில்லை என்பவர்களுக்கு யோக நித்திரைக்கு முன் இதைத்தான் தருவேன். இறுக்கி விடுவது கைக்குப் பிடிபடும் வேலை.

இன்னொருவர் பெர்லினில் மனநல மருத்துவர் யோஹானஸ் ஷுல்ட்ஸ், 1932. "என் வலது கை கனமாக இருக்கிறது", "என் வலது கை கதகதப்பாக இருக்கிறது", பிறகு இதயம், மூச்சு, வயிறு, நெற்றி குளிர்ச்சி என்று ஆறு வாக்கியங்கள். நாஜி ஆட்சிக் காலத்தில் அந்த மனிதர் செய்தவை கொடுமையானவை, அதை மறைத்து அவரைப் புகழ மாட்டேன். ஆனால் கதகதப்பு வாக்கியத்தில் விஷயம் இருக்கிறது. 1999ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள், கை கால் சூடாக இருப்பவர்களுக்குத் தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று காட்டினார்கள். கை கால் ரத்தக் குழாய்கள் விரிந்தால் உடம்பின் உள்சூடு வெளியேறும், உள்சூடு இறங்கினால் தூக்கம் வரும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வெந்நீரில் குளிக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

மே மாதம் மதுரையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். கோடையில் மிதமான சுடுதண்ணீரில் பாதம் மட்டும் நனைத்தால் போதும்.

ஜனவரி 15
எங்கே படுத்துச் செய்வது என்பதை இன்னும் யோசித்தேன். கட்டிலில் வேண்டாம். தரையில் பாய், அல்லது கூடத்தில் ஜமுக்காளம். சாயங்காலம் 5லிருந்து 7க்குள். கட்டில் தூக்கத்துக்கு மட்டும் என்று உடம்புக்குப் பழக்க வேண்டும். 1972லேயே ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் தூக்கமின்மைக்கு வைத்த விதிகளில் முதன்மையானது இது. தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ, கண் சொருகும்போது திரும்பி வா. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதே. நடுராத்திரி விழிப்பு வந்தால் ஃபோனை எடுத்து யோக நித்திரை ஒலிப்பதிவைத் தேட வேண்டாம், அந்த வெளிச்சமே எழுப்பிவிடும். பழகியவர்களுக்கு வரிசை மனப்பாடமாகிவிடும், தானாகவே வலது கட்டைவிரலில் தொடங்கலாம். குரல் இல்லாமல் செய்ய முடிகிற நாள்தான் இந்தப் பயிற்சி உங்களுடையதாகிறது.

முதுகுவலிக்காரர்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். கர்ப்பிணிகள் மாதம் ஏறிய பிறகு மல்லாக்க வேண்டாம், இடப்பக்கம் ஒருக்களித்து.

ஜனவரி 19
தமிழில் நல்ல யோக நித்திரை ஒலிப்பதிவு சொல்லுங்கள் என்று கேட்கிறீர்கள். தேடிக் களைத்துவிட்டேன். ஒன்றில் புல்லாங்குழல் குரலை மூடுகிறது. ஒன்றில் நாடகக் குரல். ஒன்றில் "உமது தேகம் முழுவதும் பிரபஞ்ச சக்தி வியாபிக்கிறது". அதைப் புரிந்துகொள்ளவே மூளை எழுந்து உட்கார வேண்டும். பாதி பதிவுகளின் நடுவில் விளம்பரம் வந்து அலறுகிறது.

வீட்டிலேயே பதிவு செய்யுங்கள். நான் மனதாரச் சொல்வது இதைத்தான். யார் குரல் கேட்டால் உங்களுக்குத் தோள் இறங்குமோ அவரைப் படிக்கச் சொல்லுங்கள். அம்மா, மனைவி, பெரியப்பா, யாராக இருந்தாலும். செய்தி வாசிக்கிற மாதிரி அழகாகப் படிக்க வேண்டியதில்லை, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தால்தான் நல்லது. எழுதிக் கொடுக்க:

"வலது கைக் கட்டைவிரல். சுட்டுவிரல். நடுவிரல். மோதிர விரல். சுண்டுவிரல். உள்ளங்கை. புறங்கை. மணிக்கட்டு. முழங்கை. தோள். அக்குள். விலா. இடுப்பு. தொடை. முழங்கால். ஆடுசதை. கணுக்கால். குதிகால். உள்ளங்கால். பெருவிரல்." மற்ற நாலு விரல், பிறகு இடது பக்கம் அதே மாதிரி.

பெயர் மட்டும். ஒவ்வொன்றுக்கும் "உணருங்கள்" சேர்த்தால் குரல் கட்டளையாகிவிடும். இரண்டு பெயருக்கு நடுவில் ஓரிரு விநாடி போதும். ரொம்ப இடைவெளி விட்டால் மனம் மாமியார் வீடு வரை போய்வந்துவிடும். வரிசையை மட்டும் தினம் மாற்றாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதால்தான் மனம் காவலை விடுகிறது.

ஜனவரி 20
ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டுக் கேளுங்கள். வண்டி ஓட்டும்போது கேட்கவே கேட்காதீர்கள்.

ஜனவரி 24
ஒரு சகோதரி எழுதியது என்னை உலுக்கியது. கண்ணை மூடி உடம்பைக் கவனிக்கச் சொன்னதும் நெஞ்சு அடைத்து, வேர்த்து, ஓடிப்போகத் தோன்றியதாம். வகுப்பில் "போகப் போகச் சரியாகும், படுங்கள்" என்று அழுத்தினார்களாம். அழுத்தியது தப்பு. தளர்வே பதற்றத்தைக் கொண்டுவருவது சிலருக்கு நடக்கும், 1980களிலேயே உளவியலாளர்கள் இதற்குப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். எப்போதும் காவலில் இருந்து பழகிய உடம்புக்கு, காவலை விடுவது ஆபத்தாகத் தெரிகிறது. விபத்து, வன்முறை, இழப்பு பார்த்தவர்களுக்கு இன்னும் அதிகம்.

சகோதரி, கண்ணைத் திறந்தே செய்யுங்கள். உட்கார்ந்து, முதுகு சுவரில் சாய்ந்து, கதவு தெரிகிற இடத்தில். உடம்பு வேண்டாம் என்றால் வெளிச் சத்தம் மட்டும் கேளுங்கள், அல்லது உள்ளங்கையோடு நிறுத்துங்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் மில்லர் என்ற உளவியலாளர், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக இந்த முறையை மாற்றி அமைத்தபோது, எந்தப் படியையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தார். அந்த உரிமை உங்களுக்கும் உண்டு. அப்படியும் அடைத்தால் விட்டுவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இது எல்லோருக்கும் பொருந்தியே ஆக வேண்டிய பயிற்சி இல்லை.

பிப்ரவரி 2
"யோக நித்திரையில் டோபமைன் 65 சதவீதம் கூடுகிறது, விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று ஒரு படம் பகிர்ந்திருக்கிறார்கள். டோபமைன் என்பது மூளையில் சுரக்கும் ஒரு ரசாயனம். அது 2002ல் கோபன்ஹேகனில் நடந்த ஆய்வு. PET என்ற மூளை ஸ்கேனில் படுத்தவர்கள் 8 பேர், எல்லோருமே ஏற்கனவே தியானத்தில் நன்கு பழகியவர்கள். சுவாரசியமான ஆய்வுதான், அந்த நேரத்து மூளையைப் பற்றி ஏதோ சொல்கிறது. அன்று ராத்திரி அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று அது பார்க்கவே இல்லை. அந்தப் படத்தை வைத்துத் தூக்க மாத்திரையை யாரும் தாமாக நிறுத்த வேண்டாம். சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு 2016ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது சிபிடி-ஐ என்ற நடத்தைச் சிகிச்சை. தளர்வுப் பயிற்சி அதில் ஒரு பகுதி. மேலே சொன்ன கட்டில் விதியும், படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதும் அதன் தூண்கள். யோக நித்திரையை உயிராக நினைக்கும் நானே சொல்கிறேன், மாதக்கணக்கில் தூக்கம் இல்லையென்றால் இது மட்டும் போதாது.

பிப்ரவரி 9
வீட்டுக்காரருக்கு இதைப் பழக்கிய அக்கா ஒருவர்: "படுத்த இரண்டாவது நிமிடம் குறட்டை. நடுவில் மூச்சே நின்ற மாதிரி ஆகி, அப்புறம் திணறி இழுக்கிறார். பகலெல்லாம் கண் சொருகுகிறார். ரொம்ப ஆழமாகப் போகிறார் என்று மாஸ்டர் பாராட்டினார்."

அக்கா, அது ஆழம் இல்லை. நீங்கள் எழுதியிருப்பது தூக்கத்தில் மூச்சுத்தடைக்கான அடையாளங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் இன்னும் அவசரம். காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்த்து, தூக்கப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். ஒரு ராத்திரி உடம்பில் ஒயர் மாட்டித் தூங்க வைத்து மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு செய்வார்கள். வீட்டுக்கே கொடுத்தனுப்பும் கருவியும் இருக்கிறது. அவர் திணறுவதை ஃபோனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், நேரில் விளக்குவதைவிட உதவும். அதுவரை மல்லாந்து படுக்க விடாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கட்டும். குடிக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், தூக்க மாத்திரை எதுவும் கேட்டு வாங்க வேண்டாம். அவர் லாரி ஓட்டுகிறார் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். பரிசோதனை முடியும்வரை நெடுந்தூர டிரிப் வேண்டாம் என்று முதலாளியிடம் நீங்களே பேசுங்கள்.